காசு கொடுத்துச் சாப்பிட்டவர்களின் புத்தகம்

பிரிட்டனின் ‘குட் ஃபுட் கைடு’ இனி அச்சில் வராது. 1951-இல் பிறந்து, மூன்று தலைமுறை மக்களைக் கைபிடித்து அழைத்துப் போய் நல்ல உணவின் முன்னால் உட்காரவைத்த அந்தப் புத்தகம், 2020-ஆம் ஆண்டுக்கான பதிப்போடு கடைசியாகக் கடைகளுக்கு வந்தது. அதற்குப் பின் கொரோனா உணவகங்களின் கதவுகளை அடைத்தது. எழுதப்பட வேண்டிய பதிப்பு எழுதப்படவில்லை. 2021-இல் அதன் அப்போதைய உரிமையாளரான வெய்ட்ரோஸ் நிறுவனம், இனி இதை வெளியிடுவதாக இல்லை என்று அறிவித்துவிட்டது. எழுபது ஆண்டு வாழ்ந்த வாழ்வு. புதிய ஊரில் இறங்கியதும் ‘இங்கே சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்?’ என்று ஆட்டோக்காரரிடமும் பெட்டிக்கடைக்காரரிடமும் கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்டு, அந்த நாடே உட்கார்ந்து பதிலும் எழுதிய ஒரு நூல் போய்விட்டது என்றால் அந்தத் துக்கத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அது பிறந்தது பற்றாக்குறையின் காலத்தில். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சில மாதங்களில், 1940 ஜனவரியில், பிரிட்டனில் உணவுப் பங்கீடு வந்தது. வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி என்று தொடங்கிய பட்டியல் நீண்டுகொண்டே போனது. போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. போர் நடந்தபோதுகூடக் கட்டுப்பாடில்லாமல் கிடைத்த ரொட்டி, போர் முடிந்த மறு ஆண்டில் அட்டைக்கு வந்தது. இறைச்சிக்கான கட்டுப்பாடு 1954 ஜூலையில்தான் விலகியது. உணவகங்களுக்கும் சட்டம் இருந்தது. 1942 முதல் 1950 வரை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஐந்து ஷில்லிங்தான் வரம்பு, மூன்று வகைக்கு மேல் பரிமாறக் கூடாது. அந்தச் சட்டத்தில் நியாயம் இருந்தது. வசதி படைத்தவர்கள் வெளியே போய் விரும்பியதை விரும்பிய அளவு தின்ன, மற்றவர்கள் அட்டையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் நிலை வரக் கூடாது என்பதற்காகப் போட்டது. ஆனால் பதினான்கு ஆண்டு என்பது நீண்ட காலம். தூளாக வந்த முட்டையையே கரைத்துக் கரைத்துச் சமைப்பவர்களுக்குக் கைப்பக்குவம் மறந்துபோயிற்று. சாப்பிடுகிறவர்களுக்கு நாக்குச் செத்துப்போயிற்று. கட்டுப்பாடு தளரத் தொடங்கிய பிறகும், குழைய வேகவைத்த முட்டைக்கோஸையும் உப்புச் சப்பில்லாத குழம்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கேட்டால் போரைக் காரணம் சொன்னார்கள். சாப்பாட்டைக் குறை சொல்வது பண்பல்ல என்று வளர்க்கப்பட்ட மக்கள், வந்ததைத் தின்று, கேட்டதைக் கொடுத்து, வாய் திறக்காமல் எழுந்து போனார்கள்.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் ரேமண்ட் போஸ்ட்கேட். அவர் வாழ்க்கையைப் படித்தவர்கள் எவரும் இவர் கடைசியில் சாப்பாட்டுப் புத்தகம் போடுவார் என்று ஊகித்திருக்க முடியாது. 1896-இல் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். தந்தை லத்தீன் பேராசிரியர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று மறுத்து, ஆக்ஸ்போர்டு மாணவராக இருந்தபோதே சிறைக்குப் போனவர். தொழிற்கட்சித் தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரியின் மகள் டெய்சியை மணந்ததற்காகத் தந்தையின் சொத்தில் உரிமை இழந்தவர். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்க கால உறுப்பினராக இருந்து, அதன் ஏட்டுக்குச் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்து, பிறகு கட்சியிலிருந்து விலகியவர். தமக்கையின் கணவர் ஜி.டி.எச். கோலோடு சேர்ந்து எளிய மக்களின் வரலாற்றை எழுதினார். துப்பறியும் நாவலும் எழுதினார். 1942-இல் அரசின் வணிகத் துறையில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்து, எட்டு ஆண்டு அந்த வேலையில் இருந்தார். பங்கீட்டுப் பொருள்களின் கணக்குதான் அவருடைய அன்றாடம். உண்மையான பற்றாக்குறை எது, பற்றாக்குறையின் பெயரால் நடக்கும் அலட்சியம் எது என்று பிரித்துப் பார்க்க அந்த நாற்காலியைவிட நல்ல இடம் வேறில்லை. உழைப்பவனுக்கு நல்ல கூலி வேண்டும் என்று வாதாடிய அதே மனிதர்தான், அந்தக் கூலியைக் கொடுத்து அவன் வாங்கும் சோறும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாதாட வந்தார். இரண்டும் அவருக்கு ஒரே வழக்குதான் என்று நான் எண்ணுகிறேன்.

‘லில்லிபுட்’ என்ற சிறிய அளவுப் பத்திரிகையில் அவர் எழுதிய பத்திதான் தொடக்கம். விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கம் ஒன்று அந்த நாட்டில் நூறாண்டுக்கு மேலாக இருந்துவந்தது. அந்தப் பெயரை மனத்தில் வைத்து, உணவுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் சங்கம் என்று ஒன்றை அவர் ஏட்டளவில் தொடங்கினார். பிரான்சில் பயணிகளே தகவல் அனுப்பித் தொகுத்த ஒரு கையேட்டைப் பார்த்திருந்ததால், அதே வழியில் தம் வாசகர்களையும் கேட்டார்: நீங்கள் சாப்பிட்ட நல்ல இடம் ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள், நான் தொகுத்துப் போடுகிறேன். கடிதங்கள் வந்து குவிந்தன. வாய் திறக்காமல் எழுந்து போன அதே மக்கள்தான் எழுதினார்கள். சொல்வதற்கு ஏதும் இல்லாததால் அல்ல, கேட்பதற்கு ஆள் இல்லாததால்தான் அவர்கள் அதுவரை பேசாமல் இருந்தார்கள். கடிதம் எழுதியவர்கள் சேர்ந்து குட் ஃபுட் கிளப் ஆனது. 1951-இல், லண்டனில் பிரிட்டன் திருவிழா நடந்த ஆண்டில், அந்தக் கடிதங்கள் ஒரு புத்தகமாக வந்தன. சங்கத்தின் பழைய பெயர் உதிர்ந்து ‘குட் ஃபுட் கைடு’ என்ற பெயர் நிலைத்தது.

அந்த முதல் காலப் பதிப்புகளில் உணவகங்களைப் பற்றிய குறிப்புகளோடு, சாப்பிடப் போகிறவர்களுக்கான அறிவுரையும் இருந்தது. அதில் ஒன்றை இன்றுவரை நினைவு வைத்திருக்கிறார்கள். மேசையில் உட்கார்ந்ததும் கைத்துணியை எடுத்து முள்கரண்டியையும் கத்தியையும் கண்ணாடிக் குவளையையும் துடைத்துக்கொள்ளுங்கள் என்றார் போஸ்ட்கேட். கோபமாகச் செய்ய வேண்டாம், பிறர் பார்க்கும்படியும் செய்ய வேண்டாம். பல இடங்களில் பட்டு வந்தவர் என்பது மட்டும் தெரியும்படி, இயல்பாகச் செய்யுங்கள் என்றார். சண்டைக்காரராக மாறாமல், ஏமாளியாகவும் இல்லாமல், வாடிக்கையாளர் தம் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. நாடு முழுக்க எத்தனை மேசைகளில் எத்தனை கைகள் அதன்படி செய்தனவோ, அத்தனை சமையலறைகளுக்கும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

புத்தகத்தின் உயிர் எங்கே இருந்தது என்று கேட்டால், அதன் கடைசிப் பக்கங்களைத்தான் காட்ட வேண்டும். கிழித்து எடுத்து அனுப்பத் தக்க படிவங்கள் அங்கே இருந்தன. உணவகத்தின் பெயர், முகவரி, அங்கே சாப்பிட்ட நாள், மதியமா, இரவா, என்ன சாப்பிட்டீர்கள், எப்படி இருந்தது, எத்தனை பேருக்கு எவ்வளவு ஆயிற்று, முடிந்தால் பில்லையும் இணைத்து அனுப்பவும். கீழே, இந்த உணவகத்தின் உரிமையாளரோடும் நிர்வாகத்தோடும் எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அவர்கள் கேட்டு இதை நான் எழுதவில்லை என்ற உறுதிமொழி. அதற்குக் கீழே கையொப்பம். பெயரையும் முகவரியையும் தெளிவாகத் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதச் சொல்லியிருந்தார்கள். பின்னாளில் தபால்தலைகூட ஒட்ட வேண்டியதில்லை. செலவைக் கையேடே ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு தாளைப் பார்த்தாலே அதை வடிவமைத்தவர்களின் மனம் தெரிகிறது. நீங்கள் யார், என்றைக்குப் போனீர்கள், உங்கள் சொந்தக் காசைக் கொடுத்தீர்களா என்ற மூன்றும் தெரிந்த பிறகே அது உங்கள் நாக்கை நம்பியது. நம்பிய பிறகு முழுமையாக நம்பியது.

எழுதினால் கூலி கிடையாது. உணவகங்களிடமிருந்து விளம்பரம் வாங்கியதில்லை. இலவசச் சாப்பாட்டை ஏற்றதில்லை. இடம்பெறுவதற்குக் கட்டணமும் இல்லை. ஒரு விமர்சகர் மட்டும் இருந்தால் அவரை அடையாளம் கண்டு, நல்ல மேசையைக் கொடுத்து, தனிக் கவனிப்புக் கவனித்து வசப்படுத்திவிடலாம். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களை யாரும் வசப்படுத்த முடியாது என்பது போஸ்ட்கேட்டின் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. ஒரு கிராமத்து விடுதியில் மழைக்கு ஒதுங்கி வந்து சூப்பும் ரொட்டியும் கேட்கும் பள்ளி ஆசிரியை அந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராக இருக்கலாம் என்பதால், அந்த விடுதிக்காரர் வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி சூப் வைக்க வேண்டியதாயிற்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வோம். இந்தக் கையேடு அதை ஏற்கவில்லை. ஒரு கடிதத்தை வைத்து எந்த உணவகத்தையும் அது தூக்கியதும் இல்லை, தள்ளியதும் இல்லை. ஓர் இடத்தைப் பற்றி ஆண்டு முழுவதும் வந்த கடிதங்களைப் பதிப்பாசிரியர் ஒன்றாக வைத்துப் படித்தார். ஒருவர் புகழ்ந்ததை இன்னொருவர் மறுத்திருந்தால் மூன்றாமவரின் கடிதத்துக்குக் காத்திருந்தார், அல்லது பெயர் சொல்லாத ஓர் ஆளை அனுப்பிச் சாப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். யாருடைய கடிதம் எப்போதும் சரியாக இருக்கும், யார் எதையும் புகழ்ந்துவிடுவார், யார் கணவனோடு சண்டை போட்டுவிட்டு வந்து காபியைத் திட்டுகிறார் என்பதெல்லாம் பல ஆண்டு அந்தக் கையெழுத்துகளைப் படித்தவருக்குத் தெரிந்துபோகும். பிறகு அவர் எழுதும் குறிப்பு பத்து இருபது வரிகளுக்குள் அடங்கும். பழைய பதிப்புகளில் அந்தக் குறிப்பின் முடிவில், அந்த இடத்தைப் பரிந்துரைத்தவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். சமைத்தவர்கள் தங்கள் பெயரைச் சமையலுக்குக் கொடுத்ததைப்போல், சாப்பிட்டவர்கள் தங்கள் பெயரைத் தீர்ப்புக்குக் கொடுத்தார்கள். பழைய புத்தகக் கடையில் அந்தப் பதிப்புகளில் ஒன்று எப்போதாவது கையில் கிடைத்தால், அந்தப் பெயர்களை விரலால் தொட்டு வாசித்துப் பாருங்கள். டாக்டர்கள், பாதிரியார்கள், கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதியவர்கள் என்று, வேறு எந்த அச்சிலும் இடம் கிடைத்திராத எத்தனையோ பேர் அங்கே இருக்கிறார்கள்.

அதன் சொல்லுக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதை அது வளர்த்துவிட்ட இடங்களைக் கொண்டுதான் அளக்க முடியும். பிரெஞ்சு மிஷ்லின் கையேடு 1911-இல் பிரிட்டனுக்கென ஒரு பதிப்பைப் போட்டு, 1930-களின் தொடக்கத்தில் அதை நிறுத்தி, 1974-இல்தான் மறுபடி வந்தது. இடையே ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய ஈகான் ரோனே 1957-இல் தம் பெயரில் ஒரு கையேட்டைத் தொடங்கினார். அதுவரையும் அதற்குப் பின்னும், தலைநகரத்துக்கு வெளியே, பெரிய ஹோட்டல்களின் நிழலுக்கு வெளியே, ஒருவர் தம் விருப்பத்துக்குச் சமைத்து ஓர் உணவகம் நடத்தத் துணிந்தால், அவரைத் தேடிப் பிடித்து ஊருக்குச் சொல்ல இந்தக் கையேடுதான் இருந்தது. பாத் நகரத்தில் ஜார்ஜ் பெரி-ஸ்மித் 1950-களின் தொடக்கத்தில் நிலவறை ஒன்றில் ‘ஹோல் இன் தி வால்’ உணவகத்தைத் தொடங்கினார். இஞ்சியும் உலர்திராட்சையும் வைத்து, மாவுப் போர்வைக்குள் சுட்டெடுத்த சால்மன் மீன் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்ட பண்டம். பங்கீட்டு அட்டை இன்னும் சட்டைப் பையில் இருந்த நாட்டில் அதைத் தட்டில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வடக்கே அல்ஸ்வாட்டர் ஏரிக் கரையில் ஃபிரான்சிஸ் கூல்சனும் பிறகு வந்து சேர்ந்த பிரையன் சாக்கும் நடத்திய ‘ஷாரோ பே’ விடுதி, தங்குவதற்காக அல்லாமல் சாப்பிடுவதற்காகவே ஜனங்கள் நெடுந்தூரம் கார் ஓட்டிப் போகும் இடமாயிற்று. வேல்ஸின் அபர்கவென்னி அருகே ஃபிராங்கோ தருஸ்கியோ நடத்திய ‘வால்நட் ட்ரீ’, டார்ட்மத் துறைமுகத்தில் ஜாய்ஸ் மாலினோ சமைத்த ‘கார்வ்ட் ஏஞ்சல்’ என்று அந்த வரிசை நீளும். இவர்கள் புகழுக்கு இவர்களுடைய கைதான் காரணம். ஆனால் அந்தக் கையைப் பற்றிய செய்தியை முன்பின் தெரியாதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், அங்கே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய கையோடு பேனாவை எடுத்தவர்கள்.

1960-களின் தொடக்கத்தில் கையேடு நுகர்வோர் சங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. 1957-இல் மைக்கேல் யங் முன்னின்று தொடங்கிய சங்கம் அது. கெட்டிலையும் காரையும் பரிசோதித்து, எது காசுக்குத் தகுந்தது என்று ‘விச்?’ என்ற ஏட்டில் வெளியிட்டுவந்தவர்கள். சாப்பாட்டையும் அதே நேர்மையோடு எடை போட்டவர் தம் பிள்ளையைக் கொடுக்க அதைவிட நல்ல வீடு பார்த்திருக்க முடியாது. போஸ்ட்கேட் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை பொறுப்பில் இருந்து, 1971-இல் காலமானார். அவருக்குப் பின் வந்த கிறிஸ்டோபர் டிரைவர், செய்தித்தாளிலிருந்து வந்தவர்; பிரிட்டிஷ்காரர்களின் உணவுப் பழக்கம் போருக்குப் பின் எப்படி மாறியது என்று பிற்பாடு ஒரு நூலும் எழுதினார். 1989-இல் பதிப்பாசிரியரான டாம் ஜெய்னை நான் தனியே நினைத்துக்கொள்வேன். பெரி-ஸ்மித்தின் வளர்ப்பு மகன் அவர். ஜாய்ஸ் மாலினோவோடு சேர்ந்து ‘கார்வ்ட் ஏஞ்சல்’ நடத்தியவர். கையேட்டின் பக்கங்களில் எடை போடப்பட்ட வீட்டில் வளர்ந்து, எடை போடப்பட்ட உணவகத்தில் வேலை பார்த்து, கடைசியில் தராசு அவர் கைக்கே வந்தது. அடுப்புச் சூட்டை அறிந்த ஒருவர், பிறர் அடுப்பைப் பற்றி ஒரு வரி எழுதும் முன் எவ்வளவு யோசித்திருப்பார்!

பின்னாளில் மதிப்பெண் வந்தது. பத்துக்கு இத்தனை என்று. அதிலும் அது தன் குணத்தை விடவில்லை. இன்று ஐந்துக்கு நான்கு வாங்கினாலே முகம் சுளிக்கும் உலகத்தில், இந்தக் கையேட்டில் பத்துக்கு ஒன்று வாங்கிய உணவகம் மகிழ்ந்தது. உள்ளே இடம் கிடைத்ததே கௌரவம், ஒன்று என்றால் திறமையான சமையல் என்று பொருள். பத்துக்குப் பத்தை மிகச் சிலரே தொட்டார்கள். கார்ட்மெல் என்ற சிற்றூரில் சைமன் ரோகனின் ‘லான்க்ளூம்’ அவற்றில் ஒன்று. அந்தப் பத்தை ஒரு சிற்றூருக்குக் கொடுக்கத் தயங்காததில், போஸ்ட்கேட் காலத்துப் பழக்கம் கடைசிவரை இருந்தது தெரிகிறது.

அது எட்டாத இடங்களும் இருந்தன. மறைந்தவரைப் பற்றிப் பேசும்போது அதையும் சொல்வதுதான் மரியாதை. கடிதம் எழுதியவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருந்தவர்கள், எழுதப் பொழுது இருந்தவர்கள். அவர்கள் போன இடங்களுக்குத்தான் கையேடும் போனது. ஆலைத் தொழிலாளி மாலையில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கித் தின்ற கடைக்கும், சில்ஹெட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் நள்ளிரவுவரை திறந்துவைத்திருந்த கறிக் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதில் இடம் இல்லை. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து போனவர்கள் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் கொத்து ரொட்டியும் இடியப்பமும் ஆட்டுக்கறிப் பொரியலும் போட்ட கடைகளுக்கும் பெரும்பாலும் அது வந்ததில்லை. அந்தக் கடைகளுக்கு வேறு கையேடு இருந்தது: அக்காமாரும் மாமாமாரும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டது. கதவைத் திறந்துதான் வைத்திருந்தது இந்தப் புத்தகம். யார் எழுதினாலும் படித்திருக்கும். ஆனால் தங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு என்று அந்தத் தெருக்களில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு. அதன் ஆயுள் நீண்டிருந்தால் அதுவும் சரியாகியிருக்கும் என்ற எண்ணமும் உண்டு.

அதன் வயதொத்தவர்கள் பலர் முன்பே போய்விட்டார்கள். அமெரிக்காவில் அச்சுத் தொழிலுக்காக ஊர் ஊராகப் போன விற்பனையாளர் டங்கன் ஹைன்ஸ், 1935-இல் தமக்குப் பிடித்த உணவகங்களின் பட்டியலை நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பி, மறு ஆண்டே அதைப் புத்தகமாக்கினார்; அந்தப் பெயர் இப்போது கேக் மாவுப் பெட்டிகளில் இருக்கிறது. நியூயார்க்கில் டிம், நீனா சகத் என்ற வழக்கறிஞர் தம்பதி 1979-இல் நண்பர்களிடம் கருத்துக் கேட்டுத் தொடங்கிய சிவப்பு அட்டைக் கையேடு, 2011-இல் கூகுளிடம் போய், அங்கிருந்து வேறு கை மாறி, அச்சில் மெலிந்துபோனது. ஈகான் ரோனேயின் பெயர் தாங்கிய கையேடும் பழைய வாழ்வுக்குத் திரும்பவில்லை.

இவற்றுக்கெல்லாம் வந்த நோய் ஒன்றுதான். 2000-இல் ட்ரிப்அட்வைசர் வந்தது. சாப்பிட்டவரே சொல்லட்டும் என்ற போஸ்ட்கேட்டின் எண்ணத்தைத்தான் அதுவும் எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிவுவரை காத்திருக்க வேண்டாம், படிவம் கிழிக்க வேண்டாம், மேசையிலிருந்து எழுவதற்கு முன்பே சொல்லிவிடலாம், எவ்வளவு பேரும் சொல்லலாம், படிக்கக் காசும் வேண்டாம். ஈஸ்ட் ஹாம் கடைகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய கையொப்பம் வரவில்லை. தொடர்பில்லை என்ற உறுதிமொழி வரவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் அந்த ஒரு மனிதர் வரவில்லை. 2017-இல் லண்டனின் டல்விச் பகுதியில் ஊபா பட்லர் என்ற இளைஞர் தம் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று பதிந்து, நண்பர்களைக் கொண்டு பாராட்டுகள் எழுதவைத்து, ஒருவருக்கும் ஒரு வேளை சோறும் போடாமலே லண்டன் உணவகங்களின் வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். சாப்பிட்டதற்கான பில்லை இணைக்கச் சொன்ன ஒரு தாளில் அந்தக் கொட்டகை முதல் வரியைக்கூடத் தாண்டியிருக்காது.

கடைசி ஆண்டுகளில் அதன் உடம்பு தளர்ந்துவந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2013-இல் நுகர்வோர் சங்கத்திடமிருந்து வெய்ட்ரோஸ் அதை வாங்கியது. பதிப்புகள் தவறாமல் வந்தன, எலிசபெத் கார்ட்டர் போன்ற பதிப்பாசிரியர்கள் பழைய கண்டிப்போடுதான் பார்த்துக்கொண்டார்கள், வாசகர்களின் கருத்துகளையும் கேட்டு வாங்கினார்கள். ஆனாலும் காரின் முன்பெட்டியில் வரைபடத்தோடு அந்தப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு புறப்பட்ட தலைமுறைக்கு வயதாகிவிட்டது. வரைபடமே கைப்பேசிக்குள் போன பிறகு, அதன் பக்கத்தில் இருந்த புத்தகம் மட்டும் எப்படித் தனியே இருக்கும்? கொரோனா வந்தது. பல ஆண்டு அதன் பக்கங்களில் இருந்த உணவகங்கள் பல அந்த ஆண்டில் மூடிப்போயின. அல்ஸ்வாட்டர் கரையின் ‘ஷாரோ பே’யும் 2020-இல் கதவை மூடியது. யாரும் வெளியே போய்ச் சாப்பிடாத ஆண்டில், சாப்பிட்டவர்களின் கடிதங்களால் உயிர் வாழ்ந்த ஒரு நூலுக்கு என்ன கிடைத்திருக்கும்?

2021-இன் இறுதியில் உணவகத் தொழிலை நன்கு அறிந்த ஆடம் ஹைமன் அந்தப் பெயரை வாங்கி, இணையத்தில் புதிதாகத் தொடங்கினார். அங்கே நல்ல வேலை நடக்கிறது. அடையாளம் சொல்லாத ஆட்கள் போய்ச் சாப்பிட்டு எழுதுகிறார்கள், வாசகர்களிடமும் கேட்கிறார்கள். பழைய பதிப்புகளுக்கோ இப்போது வேறு வாசகர்கள் வந்திருக்கிறார்கள். 1955-இல் ஒரு கிராமத்து விடுதியில் மதியச் சாப்பாட்டுக்கு என்ன விலை, மது எப்போது கிடைத்தது, பூண்டு எந்த ஊர்வரை வந்து சேர்ந்திருந்தது என்றெல்லாம் தேடும் வரலாற்று மாணவர்களுக்கு, அரசு ஆவணங்களில் கிடைக்காத விவரங்கள் அந்தப் பொடி எழுத்துகளில் கிடைக்கின்றன. இரத்த உறவாக ஒரு புத்தகமும் மிஞ்சியிருக்கிறது. குட் ஃபுட் கைடின் வழிமுறையைப் பார்த்து, தங்கும் விடுதிகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஹிலரி ரூபின்ஸ்டைன் 1978-இல் தொடங்கிய ‘குட் ஹோட்டல் கைடு’ அது. தங்கிவிட்டுத் திரும்பியவர்கள் எழுதி அனுப்புவதை அது இன்னும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது.